மணிக்கட்டையை எடுத்தது யார்?
(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தடய அறிவியலை வகுப்பறைக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் தடய அறிவியல் படித்தவள் இல்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களிலிருந்தும், சிலர் ஓலைப்பாய், கூடை முடையும் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். அவர்களோடு செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு முடிவைச் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் கொலை கிடையாது. நம் மாநிலத்தின் தடயவியல் வரலாறு அத்தகைய கதைகளால் நிறைந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1952இல் ஆளவந்தார் என்பவரின் உடல் போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது. தலையை ராயபுரம் கடலில் போட்டிருந்தார்கள். அலை அதைக் கரைக்கே கொண்டுவந்து சேர்த்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துணி, ஒயர், பேட்டரித் துண்டுகளை வைத்து, வெடித்தது இடுப்பில் கட்டிய வெடிகுண்டு என்று மறுவடிவம் செய்து காட்டியவர் நம் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் பி. சந்திரசேகரன். ஆசிரியர்களாகிய நாம் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் எங்கள் ஏரியில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலுக்குப் போன அப்பா திரும்பி வராத பிள்ளைகளும் கரையோர வகுப்பறைகளில் இருப்பார்கள். அவர்கள் முன்னால் சுண்ணாம்புக்கோட்டில் பிண உருவம் வரைந்து விளையாட எனக்கு மனம் வரவில்லை. 'திருட்டு' என்ற சொல்லையும் விலக்கினேன். 'எடுத்தது யார்?' என்பது மட்டும்தான் கேள்வி.

காணாமல் போனது, பள்ளி மணி அடிக்கும் கட்டை. எங்கள் மணி தொங்கும் தண்டவாளத் துண்டுதான். அதை அடிக்கும் மரக்கட்டை ஒரு உயரமான ஆணியில் தொங்கும். ஒரு திங்கட்கிழமை காலை கட்டையைக் காணோம். வழிபாட்டுக்கு மணி அடிக்கவில்லை. ஆணியில் ஒரு தாள் குத்தியிருந்தது: 'மணி இன்று ஓய்வெடுக்கிறது.' பள்ளியே ஒரு நிமிடம் திகைத்து, பிறகு சிரித்தது.

சந்தேகப் பட்டியலில் நான்கே பேர். தலைமையாசிரியை, கணித ஆசிரியர், தமிழாசிரியர், நான். நால்வரும் முன்பே பேசி ஒப்புக்கொண்டு நுழைந்தவர்கள். பிள்ளைகள் யாரையும் பட்டியலில் சேர்க்கவில்லை. தூய்மைப் பணியாளர் அக்காவையும், சத்துணவு சமைக்கும் அம்மாவையும் கூடச் சேர்க்கவில்லை. எந்த அலுவலகத்திலும் பொருள் காணாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா? விளையாட்டில் கூட அது வேண்டாம் என்று நினைத்தேன்.

தடயங்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, 'எடுத்தது யார் என்று உங்கள் மனதில் படுகிறதோ அவர் பெயரை எழுதி மடித்துக் கொடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். உங்கள் பெயரைப் பின்பக்கம் எழுதுங்கள்' என்றேன். அறிவியலில் கருதுகோள் என்கிறோமே, அதற்காக. 28 பிள்ளைகள். மாலையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஒன்பது சீட்டுகளில் இருந்தது ஒரு மாணவனின் பெயர். பட்டியலில் இல்லாத பெயர். பலகையில் நான்கு ஆசிரியர்களின் பெயரைப் பெரிதாக எழுதிப் போட்டிருந்தும், ஒன்பது பிள்ளைகளின் கை தானாக அந்தப் பெயருக்குப் போயிருந்தது. அவன் இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவன்.

அந்தச் சீட்டுகளை யாருக்கும் காட்டவில்லை. வகுப்பில் அறிவுரையும் சொல்லவில்லை. ஒவ்வொரு சீட்டையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி வைத்தேன். மூன்று நாள் பாடவேளைகளைத் தடயங்களுக்குக் கொடுத்தேன்.

முதல் தடயம் காலடி. மணிக்குக் கீழே முந்தின மாலையே ஈர மணலைப் பரப்பி வைத்திருந்தோம். அதில் வெறுங்காலின் தடம் இரண்டு. பிள்ளைகள் நூல் வைத்து அளந்தார்கள். நீளம், அகலம் எழுதினார்கள். அப்போது அந்த மாணவன், பொதுவாக அதிகம் பேசாதவன், குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'டீச்சர், இவங்க எட்டிப் புடிச்சிருக்காங்க. குதிகாலே படல பாருங்க. விரலுதான் ஆழமா எறங்கியிருக்கு' என்றான். எட்டிப் பிடித்தவர் என்றால் உயரம் குறைந்தவர். ஆறடி உயரமுள்ள கணித ஆசிரியர் அந்தக் கணமே விடுதலை ஆனார்.

எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். வரப்பில் எலி போன வழி, பாம்பு போன வழியெல்லாம் தாத்தா காட்டிக் கொடுத்தாராம். இது ரத்தத்தில் வருவது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாத்தா சொல்லிக்கொடுத்ததால் வந்தது, அவ்வளவுதான். நம் பாடத்தைப் போலவே அதுவும் பயிற்சி. மறுநாள் நான் அவர்களுக்கு மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரைப் பற்றிச் சொன்னேன். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள். அமெரிக்காவின் புளோரிடா சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடிக்க 2017இல் அவர்களை அழைத்துப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குவதையும், நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்க அங்கே எடுக்கும் நஞ்சு போவதையும் சொன்னேன். அந்த மாணவனை நோக்கி நான் எதுவும் சொல்லவில்லை. பொதுவாக வகுப்புக்குச் சொன்னேன்.

இரண்டாவது தடயம் மண். இதுதான் எங்கள் ஊர் தரும் பெரிய வசதி. சோழ மண்டலக் கரையில் இவ்வளவு விதமான மண்ணை ஒரே நடையில் பொறுக்கக்கூடிய இடம் அதிகம் இல்லை. கலங்கரை விளக்கத்துப் பக்கம் போனால் கடல் மணல். ஏரிப் பக்கம் திரும்பினால் சாம்பல் நிறச் சேறு, அதில் கிளிஞ்சல் நொறுங்கல். பள்ளி வளாகத்தில் லாரியில் கொட்டிய மண். மூன்றையும் தீப்பெட்டிகளில் எடுத்துவரச் சொல்லி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று மேலே எழுத வைத்தேன். தடயவியலில் பாதி வேலை இந்த எழுத்துவேலைதான். சினிமாவில் இதைக் காட்டுவதில்லை.

சோதனை எளிது. காந்தத்தை ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டு மண்ணில் புரட்டினால், கடல் மணலில் உள்ள கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். உறையைக் கழற்றினால் தாளில் உதிரும். ஏரிச் சேற்றைக் காயவைத்து இரண்டு சொட்டு வினிகர் விட்டால் கிளிஞ்சல் துணுக்குகளிலிருந்து குமிழி கிளம்பும். கால்சியம் கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு வெளிவரும் என்று பலகையில் எழுதிப் போட்டு நடத்தும் பாடம் இதுதான். எலுமிச்சைச் சாறும் போதும், கொஞ்சம் பொறுமை வேண்டும். மணிக்குக் கீழே தடத்தில் ஒட்டியிருந்த சேறு பொங்கியது. 'படகுல வர்றவங்க!' என்று ஒரு கூச்சல். எங்கள் பள்ளியில் இருவர் அக்கரையிலிருந்து படகில் வருகிறவர்கள்: தலைமையாசிரியையும் கணித ஆசிரியரும். படகிலிருந்து இறங்கும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் கால் வைத்துத்தான் கரையேற வேண்டும். அன்று மட்டும் தலைமையாசிரியை காலைக் கழுவாமல் வந்திருந்தார், எனக்காக.

இங்கேயே முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். முடியவில்லை. ஆணியில் நீல நிறப் பருத்தி நூல் ஒன்று சிக்கியிருந்தது. தமிழாசிரியரின் துண்டு நீலம். இழையைப் பிரித்து லென்சில் பார்த்தார்கள். மீன்வலை நைலான் இழையையும் இதையும் நான் இடுக்கியில் பிடித்துச் சுட்டுக் காட்டினேன் (இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும்). நைலான் உருகி மணியாகத் திரண்டது, பருத்தி தாளைப்போல எரிந்து சாம்பலானது. வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நரம்பு வலை எரிந்தால் எப்படி நாறும் என்று அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். நூல் தமிழாசிரியரின் துண்டோடு பொருந்தியது. பாதி வகுப்பு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் துண்டின் நூல் அங்கே இருக்கிறது என்பதன் பொருள் என்ன? அவர் கட்டையை எடுத்தார் என்பதா, அல்லது எப்போதோ ஒரு நாள் அங்கே இருந்தார் என்பதா? ஒரு பொருள் இன்னொன்றைத் தொட்டால் இரண்டிலும் ஏதாவது மிஞ்சும் என்று சொன்னவர் பிரான்ஸ் நாட்டு எட்மண்ட் லொகார்ட். 1910இல் லியோன் நகரில் காவல்துறைக்கான ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர். அவர் சொன்னது தொடர்பு இருந்தது என்பது வரைதான். எப்போது, எதற்கு என்பதைத் தடயம் தானாகச் சொல்லாது. பிள்ளைகளே போய்த் தமிழாசிரியரிடம் கேட்டார்கள். போன வெள்ளிக்கிழமை விழாவுக்குத் தோரணம் கட்ட அந்த ஆணியைத்தான் பயன்படுத்தினேன் என்றார். தோரணக் கயிறு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

தமிழாசிரியர் சும்மா விடவில்லை. அடுத்த பாடவேளையில் சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டார். பாண்டியன் அரண்மனையில் காணாமல் போன சிலம்பின் பரல் முத்து, கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும் வேறுபாடு. சோதனை நடந்தது, ஆனால் தண்டனை முடிந்த பிறகு நடந்தது. 'பொற்கொல்லன் சொன்னதை மன்னன் ஏன் நம்பினான்?' என்று அவர் கேட்டபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'வெளியூர்க்காரன்னா நம்பிடுவாங்க சார்' என்றாளாம். அதை அவர் ஆசிரியர் அறையில் வந்து சொன்னபோது எனக்கு அந்த ஒன்பது சீட்டுகள் நினைவுக்கு வந்தன.

கைரேகைக்கு வருகிறேன். பென்சிலைத் தாளில் அழுத்தித் தேய்த்து, அதில் விரலைப் புரட்டி, செல்லோடேப்பை விரலில் ஒட்டி எடுத்து வெள்ளைத்தாளில் ஒட்டினால் ரேகை தெளிவாக விழும். 280 விரல்கள். வளையம், சுழி, வில் என்று மூன்றாகப் பிரித்து எண்ணினோம். கணித ஆசிரியர் அதைப் பட்டை வரைபடமாக்கினார். பொதுவாக மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக வளையம், அடுத்தது சுழி, வில் மிகக் குறைவு. எங்கள் வகுப்பிலும் வரிசை மாறவில்லை. கண்ணாடி டம்ளரில் பதிந்த ரேகையை எடுக்க அடுப்புக்கரியை நைசாக அரைத்துத் துணியில் சலித்து, புதிய மென்மையான தூரிகையால் தடவ வேண்டும். கறுப்புப் பரப்பானால் முகப்பவுடர். கடற்கரைப் பள்ளியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஈரக்காற்றில் தூள் கட்டிப் போகும். வெயிலில் காயவைத்துவிட்டு உடனே பயன்படுத்துங்கள்.

கைரேகையின் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1858இல் வங்காளத்தின் ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவைப் பத்திரத்தில் வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அலுவலர்களின் உழைப்பு பெரியது. முறைக்கு நிலைத்த பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். இன்னொரு பக்கமும் உண்டு. பிறப்பாலேயே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம் 1871இல் வந்தது. அதன் 1911ஆம் ஆண்டு வடிவம் அந்த மக்களின் ரேகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்க அதிகாரம் கொடுத்தது. 1952இல்தான் அது நாடு முழுவதும் நீங்கியது. ஒரே கருவி அப்பாவியை விடுவிக்கவும் பயன்படும், ஆளைப் பார்த்ததும் முத்திரை குத்தவும் பயன்படும். எட்டாம் வகுப்புக்கு இதைச் சொல்லலாம், புரிந்துகொள்கிறார்கள். இதனால்தான் பாடம் முடிந்ததும் எல்லா ரேகைத் தாள்களையும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாம் வைத்துக்கொள்ளக்கூடாது.

அந்த வகுப்பில்தான் ஒரு பெண், 'டீச்சர், எங்க ஆயா கை ரேஷன் கடை மெஷின்ல விழவே மாட்டேங்குது. ஆயாவுக்கு ரேகையே இல்லயா?' என்று கேட்டாள். அவள் ஆயா நாற்பது வருடமாக இறால் உரிப்பவர். அடுத்த நாள் ஆயாவே வந்தார். விரல்நுனி வழவழவென்று இருந்தது. பென்சில் கரியில் புரட்டி எடுத்தோம். எட்டு விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. இடது மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மங்கலாக வளையம் தெரிந்தது. ரேகையின் அமைப்பு தோலின் கீழடுக்கில் இருக்கிறது, கரு வளரும்போதே உருவாகிவிடுகிறது, மேல்தோல் தேய்ந்தாலும் வேலையிலிருந்து சில வாரம் கை ஓய்ந்தால் மறுபடி தெரிய வரும் என்று விளக்கினேன். 'ஓய்வா?' என்று ஆயா சிரித்தார். அந்த இரண்டு விரலில் எது பதிகிறதென்று கடையில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினோம். மோதிர விரல் எடுத்துக்கொண்டதாம். இந்தப் பாடத்தால் ஊருக்கு நேரடியாக விளைந்த பலன் என்றால் இப்போதைக்கு அதுதான்.

டம்ளரில் இருந்தது கட்டைவிரல் சுழி. தலைமையாசிரியைக்கும் தமிழாசிரியருக்கும் கட்டைவிரலில் சுழிதான். இரண்டையும் அருகருகே ஒட்டி லென்சில் பார்த்தபோது, ஒன்றில் ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. 'அருவாமனை வெட்டு!' என்று சொன்னவள் வீட்டில் தினமும் மீன் அறுக்கிறவள். நான்கு பேர் கையையும் பார்த்தார்கள். உயரம், சேறு, சுழி, தழும்பு எல்லாம் ஒருவரிடமே வந்து நின்றன. ஒன்று மட்டும் இருந்திருந்தால் போதாது என்பதை அவர்களே சொன்னார்கள். குழுவாகத் தலைமையாசிரியை அறைக்குப் போய் ஆதாரங்களை வரிசையாகச் சொல்ல, அவர் மேசை இழுப்பறையிலிருந்து கட்டையை எடுத்துக் கொடுத்தார். புதிதாகக் கயிறு கட்டி வைத்திருந்தார்.

பிறகு உறைகளைத் திருப்பிக் கொடுத்தேன். 'முதல் நாள் நீங்கள் எழுதியது. தனியாகப் பிரித்துப் பாருங்கள். அந்தப் பெயரை எழுத அன்று உங்களிடம் என்ன தடயம் இருந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். எனக்குக் காட்ட வேண்டாம்.' வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது. ஒரு பையன் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இன்னொருத்தி மட்டும் மாலையில் வந்து, 'நான் ஒண்ணுமே எழுதல டீச்சர், எழுத ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மாணவனுக்கு இந்தச் சீட்டுகள் பற்றி இன்றும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை.

சில வாரம் கழித்து உண்மையாகவே ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. நான் வகுப்புக்குள் நுழைந்தபோது அந்தப் பெஞ்சைச் சுற்றி வலைக்கயிறு கட்டியிருந்தார்கள். 'மொதல்ல பாக்கணும், பேரு அப்பறம்' என்று ஒருவன் மற்றவர்களை விலக்கிக்கொண்டிருந்தான். பெட்டி இன்றுவரை கிடைக்கவில்லை. யாருடைய பையையும் யாரும் பிடுங்கிப் பார்க்கவும் இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: உண்மையான களவைக் கண்டுபிடிக்க இந்த முறைகளை ஆசிரியர்கள் பயன்படுத்தக் கூடாது. பிள்ளைகளின் ரேகையை எடுத்து ஒப்பிடும் வேலை நம்முடையது அல்ல. காணாமல் போன பெட்டிக்குப் பதில் ஒன்று வாங்கிக் கொடுப்பது மலிவு.

செலவு பற்றிக் கேட்பீர்கள். செல்லோடேப், வினிகர், தூரிகை, காந்தம். லென்சும் காந்தமும் பள்ளியிலேயே இருந்தன. வானவில் மன்றத்துக்கு வரும் கருத்தாளரிடம் முன்கூட்டியே சொன்னால் உதவுவார். நான்கு பாடவேளை போகும். அமிலம், காந்தம், இழைகள், தோல் என்று நான்கு அலகுகளைத் தொட்டுவிடுவதால் பாடத்திட்டம் பின்தங்காது. மதராசில் 1849இல் நஞ்சைக் கண்டறிய ஒரு வேதிப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள்; இன்று மயிலாப்பூரில் இருக்கும் நம் தடய அறிவியல் துறையின் வேர் அதுதான் என்பதையும் சொல்லுங்கள். இந்த வேலைக்குப் படிக்கப் போகலாம் என்று எங்கள் பிள்ளைகள் இருவர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேதியியல், உயிரியல் பட்டம் போதும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

மணியில் குத்தியிருந்த தாளைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. அதில் எழுதிய கறுப்பு ஸ்கெட்ச் பேனா யாருடையது? இதைச் சொல்லப் போவதில்லை, செய்து பார்த்துவிடுவோம். முன்வரிசையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வெள்ளைச் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு கம்பெனிக் கறுப்புப் பேனாவை எடுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், அந்த மை தண்ணீரில் ஓடாது. தட்டில் அரை சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கிறது, சாக்பீஸை நிமிர்த்தி நிறுத்துங்கள். புள்ளி தண்ணீரில் முங்கக்கூடாது. ஐந்து நிமிடம். மேலே ஏறும் நிறங்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இந்தத் தாளோடு ஒப்பிடுவோம்.